புளியங்கொட்டை ஓட்டும், மாமாவின் மீசையும்

நாற்பதுகளில் அரியலூரில் படம் காட்டிய டூரிங் கொட்டகைக்காரர், மழைக்கு முன் கொட்டகையைப் பிரிக்கும்போது ஒரு வேடிக்கை செய்தார். அந்தப் பருவத்தில் ஓடிய படங்களில் சிறந்ததற்கு வெள்ளிக் கோப்பை, ஜனங்களே தீர்ப்புச் சொல்லட்டும் என்று தமுக்கடித்துவிட்டார். போட்டி ஒரு கத்திச்சண்டைப் படத்துக்கும் ஒரு பக்திப் படத்துக்கும். டிக்கெட்டோடு ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை தருவார்கள். படத்தின் நோட்டீஸ் ஒட்டிய பானையில் அதைப் போட வேண்டும். ஆண்கள் பக்கம் இரண்டு பானை, தட்டிக்கு இந்தப்புறம் பெண்கள் பக்கம் இரண்டு பானை.

என் தாய்மாமாவுக்குச் சண்டைப் படம்தான் உயிர். அதன் கதாநாயகனைப் பார்த்துத்தான் முறுக்கு மீசை வைத்தார். விளக்கெண்ணெய் போட்டு அதற்கு நடந்த உபசாரம் எங்கள் குலசாமிக்குக்கூட நடந்ததில்லை. புதிதாகக் கலியாணமாகி வந்திருந்த அத்தை மட்டும் அம்மாவின் காதில், "முள்ளாட்டம் குத்துது அண்ணி" என்றாள். எங்கே முள் என்று நான் கேட்டதற்கு, போய் விளையாடச் சொன்னார்கள்.

"நம்ம படம் தோத்துட்டா மீசைய எடுத்துடறேன்" என்று மாமா கடைத்தெருவில் சபதம் போட்டுவிட்டார். தா.பழூர் வரைக்கும் வண்டி கட்டிப் போய் ஆள் திரட்டினார். எல்லாம் ஆண்கள். வீட்டுப் பெண்களைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஓட்டுப் போடும் நாளன்று கொட்டகையில் அத்தை ஒவ்வொரு பெண்ணின் காதிலும் ஏதோ சொன்னாள். அவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் சண்டைப் படப் பானைக்குக் கையை நீட்டினேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் திருப்பிவிட்டாள். "இதுல போடு தங்கம். சாமி படம், புண்ணியம்."

ஆண்கள் பானையில் மாமா ஜெயித்தார். பெண்கள் பானையில் பக்தி பொங்கி வழிந்தது. மொத்தத்தில் மாமாவின் படம் தோற்றது.

மாமா விடவில்லை. "பொம்பளைங்க போட்டதெல்லாம் செல்லாதுங்க. புளியங்கொட்டைக்கா பஞ்சம்? வூட்டுலேருந்து மடியில கட்டிக்கிட்டு வந்திருக்காளுவ."

"யாரு கொண்டாந்தான்னு ஒரு சாட்சி காட்டுங்க, கோப்பைய மாத்திடறேன்" என்றார் கொட்டகைக்காரர்.

சாட்சிக்கு எங்கே போவது? சபதம் சபதம்தான். மறுநாள் காலையில் மீசை இறங்கியது. மாமாவின் முகம் பள்ளிக்கூடத்துப் பையனுடையது போல ஆகிவிட்டது. ஊர் சிரித்தது, எனக்கோ அழுகை வந்தது. மாமா சாப்பாட்டைக்கூடத் தொடாமல் கொட்டகைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு இன்னொரு துக்கமும் இருந்தது. பல்லாங்குழிக்காக நான் ஒரு டப்பா நிறையச் சேர்த்து வைத்திருந்த புளியங்கொட்டையைக் காணவில்லை. தேடி அலைந்த என்னைக் கூப்பிட்டு, அத்தை கை நிறையப் புதுச் சோழி கொடுத்தாள். சந்தோஷம் தாங்காமல் நான் நேரே மாமாவிடம் ஓடினேன்.

"மாமா, என் புளியங்கொட்டையெல்லாம் காணாப் போச்சு. அத்தை சோழி குடுத்தாங்க பாருங்க."

மாமா சோழியைப் பார்த்தார். கதவோரம் நின்ற அத்தையைப் பார்த்தார். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். மாமாவின் கை மீசையை முறுக்கப் போய், வெறும் உதட்டைத் தடவிவிட்டு இறங்கியது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். இலை போடச் சொன்னார்.

அதற்குப் பின் கொட்டகைப் பக்கம் போய் அவர் வழக்குப் பேசவில்லை. மீசையும் வைக்கவில்லை. அவ்வளவு கோபமாக இருந்த மனிதர் ஏன் திடீரென்று தோல்வியை ஒப்புக்கொண்டார் என்று, சோழியைக் குலுக்கிக்கொண்டு நின்ற எனக்கு விளங்கவே இல்லை.