இருபத்தொன்பதும் ஒன்றும்

நடந்தவை, வரிசையாக:

1. நான் எட்டாம் வகுப்புக்குப் போன ஆண்டு, மூடிப்போன ஒரு பஞ்சாலையின் ஏலத்திலிருந்து, கிரீஸும் பஞ்சுத்தூசியும் கலந்த நெடியோடு ஒரு கறுப்புத் தட்டச்சு இயந்திரம் எங்கள் பள்ளி அலுவலகத்துக்கு வந்தது.
2. அதன் முன்பக்கம் தொங்கிய ஒரு சின்ன இரும்புப் பெட்டி, அடிக்கிற எண்களைத் தானே கூட்டியது.
3. அந்தப் பெட்டி, ஆண்டுத் தேர்வில் எட்டுப் பேருக்குப் பத்துப் பத்து மதிப்பெண் குறைத்துக் கூட்டியது.
4. அதை நான் கண்டுபிடித்து, பள்ளியின் தட்டச்சரான என் அப்பாவிடம் சொன்னேன்.
5. ஏழு பேருக்குத் திருத்தப்பட்டது.

எட்டாவது பெயர் என்னுடையது.

இப்படி எண் போட்டு எழுதுவது தொழில் பழக்கம். கோயமுத்தூர் பீளமேட்டில், பம்பு மோட்டார்களுக்கான கட்டுப்பாட்டுப் பலகைகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை எனக்கு. எது எதற்குப் பிறகு நடந்தது என்று எழுதி வைத்தால்தான் பிழை எங்கே நுழைந்தது என்று தெரியும். ஆனால் மேலே நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் இருப்பதை ஒரு வரியில் எழுத எனக்கு வரவில்லை.

எங்கள் ஊர் பொள்ளாச்சி சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருந்தது. பள்ளியை நடத்தியது ஊரின் பெரிய தோட்டக்காரக் குடும்பம். அதன் மூத்தவரை எல்லோரும் "கரஸ்பாண்டன்ட் அய்யா" என்போம். என் தாத்தா அவர்கள் தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தே காலத்தைக் கழித்தவர். அப்பா தட்டச்சில் "ஹையர்" தேறி, அதே குடும்பத்தின் பள்ளி அலுவலகத்தில், மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்தது எங்கள் வளவுக் குடியிருப்பில் அதுவரை யாருக்கும் வாய்க்காத காரியம். அந்த நாற்காலிக்காகவே அவர் தினமும் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு, முதல் மணி அடிப்பதற்கு அரைமணி நேரம் முன்பே போய் உட்கார்ந்திருப்பார்.

அதற்கு முன்பெல்லாம் மதிப்பெண்களைக் கூட்டுவது அந்தந்த வகுப்பு ஆசிரியரின் வேலை. ஆண்டுக்கு இரண்டு மூன்று பேருக்காவது கூட்டல் தவறிப்போய், பெற்றோர் வந்து பள்ளி வாசலில் சத்தம் போடுவார்கள். இனி அந்தப் பேச்சே வரக்கூடாது என்றுதான் கரஸ்பாண்டன்ட் அய்யா அந்த இயந்திரத்தை ஏலத்தில் எடுத்தார். நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தபோது, கணக்கு வாத்தியார் கதவோரம் நின்று, "அப்ப நான் ஊட்டுக்குப் போறேனுங்க, நாளையிலிருந்து இந்தப் பொட்டியவே வகுப்புக்கு அனுப்பிப்போடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் அப்போதே குனிந்து, பெட்டியின் அடியில் இருந்த பற்சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் நாங்கள் அதைக் "கூட்டல் பொட்டி" என்றோம். தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் குறுக்காக ஒரு தண்டு ஓடும். அந்தத் தண்டில், இரண்டு தீப்பெட்டிகளை ஒட்டிவைத்த அளவில் அது தொங்கும். அதன் முகத்தில் ஐந்து சின்னத் துளைகள், அப்பா சொல்படி "ஜன்னல்கள்", ஒவ்வொன்றிலும் ஓர் எண். எழுத்துகளை அடிக்கும்போது பெட்டி சும்மா இருக்கும். தாள் நகர்ந்து எண்களுக்கான கட்டத்துக்கு வந்ததும் உள்ளே ஏதோ பற்றிக்கொள்ளும்; ஏழு என்று அடித்தால் தாளில் ஏழு விழும், அதே நொடியில் ஜன்னலில் சக்கரம் "கிர்ர்" என்று ஏழு பல் சுற்றும். ஒன்றின் கீழ் ஒன்றாக ஐந்து பாடங்களின் மதிப்பெண்ணையும் அடித்து முடித்தால் ஜன்னல்களில் மொத்தம் நிற்கும். பிறகு பக்கத்திலுள்ள சின்ன நெம்புகோலைக் கழித்தலுக்குத் தள்ளிவிட்டு, அந்த மொத்தத்தையே தாளின் அடியில் அடிக்க வேண்டும். அடிக்க அடிக்கப் பெட்டி தன்னைத்தானே கழித்துக்கொண்டு ஐந்து ஜன்னலிலும் சைபருக்குத் திரும்பிவிடும்.

எப்படி ஓட்டுவது என்று சொல்லும் புத்தகம் எதுவும் அதோடு வரவில்லை. அப்பா இரண்டு மாதம் தானே அடித்து அடித்துப் பழகினார். பிறகு தலைமையாசிரியையை, எங்கள் "எச்.எம். டீச்சரை", அழைத்துக் காட்டினார். "பாருங்க டீச்சர், அஞ்சு ஜன்னல்லயும் சைபர். சைபர் வந்துபோட்டா கணக்குல தப்பே இல்லீங்க."

அந்த வாக்கியத்தை அன்று நானும் நம்பினேன்.

எட்டாம் வகுப்போடு எங்கள் பள்ளி முடிந்துவிடும். அதே நிர்வாகத்துக்குக் கோயமுத்தூரில் ஒரு பெரிய பள்ளி இருந்தது. எங்கள் எட்டாம் வகுப்பில் முதலாவதாக வருகிற ஒருவருக்கு மட்டும் அங்கே ஒன்பதாம் வகுப்பில் இடமும் விடுதியும் உண்டு. விநாடி வினாவுக்காக ஒருமுறை அங்கே போயிருந்தேன். குளிரூட்டிய ஓர் அறையில் நான்கு கணினிகள், ஒவ்வொன்றுக்கும் தலையணை உறைபோலத் தைத்த துணி மூடி. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்றார்கள். நான் கழற்றிவிட்டு நின்றேன், அதற்குள் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. அந்த வருடம் முழுக்க நான் படித்ததெல்லாம் அந்த வாசலைத் தாண்டுவதற்காகத்தான். போட்டி எனக்கும் கோகிலாவுக்கும். கோகிலா கரஸ்பாண்டன்ட் அய்யாவின் தம்பி மகள். என் பக்கத்தில் உட்காருகிறவள், சண்டைக்காரி இல்லை.

ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை மதிப்பெண் தாள் கொடுத்தார்கள். 87, 78, 98, 94, 79. மொத்தம் 426. கோகிலாவுக்கு 431. நான் மனதிலேயே கூட்டினேன். 436 வந்தது. விரலில் கூட்டினேன். அதே 436. யாரிடமும் சொல்லவில்லை; அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வரும்போது அவரிடம்தான் சொன்னேன்.

அவர் சைக்கிளை நிறுத்திவிட்டார். தாளை வாங்கி, சாலையோரப் புளியமரத்தடியில் நின்றபடி இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். "நாளைக்கு நீங்களும் வாங்க அம்மணி" என்றார்.

சனிக்கிழமை, ஆளில்லாத அலுவலகத்தில் நாங்கள் இருவரும் அந்தப் பெட்டிமுன் உட்கார்ந்தோம். நான் ஒரு தாளில் சோதனைகளை வரிசையாக எழுதியிருந்தேன்: ஒன்பதும் ஒன்றும், பத்தொன்பதும் ஒன்றும், இருபத்தொன்பதும் ஒன்றும், இப்படித் தொண்ணூற்றொன்பது வரை. அப்பா அடித்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். பத்து வந்தது, இருபது வந்தது. மூன்றாவதில் முப்பது வரவில்லை. மறுபடியும் இருபதே வந்தது. மற்றதெல்லாம் சரி.

பத்தாமிடச் சக்கரம் இரண்டில் நிற்கும்போது மட்டும், ஒன்றாமிடத்திலிருந்து வருகிற "மீதி ஒன்று" ஏறவில்லை. அப்பா டார்ச் அடித்துப் பார்த்தார். அந்த மீதியை ஏற்றிவிட வேண்டிய சின்னப் பல் தேய்ந்து மொட்டையாகியிருந்தது. என் தாளில் நான்கு பாடம் முடிந்து 357 நின்றிருக்கிறது; 79இன் ஏழு விழுந்ததும் 427; அப்புறம் ஒன்பது விழுந்தபோது 436 ஆவதற்குப் பதில் 426. அதையே அடியில் அடித்துக் கழித்தால் சைபர் வரத்தானே செய்யும்? தன் வயிற்றில் என்ன இருக்கிறதோ அதைத்தான் பெட்டி கழித்துக்கொண்டதே தவிர, இருந்தது சரியா என்று அதற்குத் தெரியாது. இதை நான் சொன்னபோது அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடேங்கப்பா, ரண்டு மாசம் இதும்முன்னால உக்காந்திருந்தேன் கண்ணு, எனக்குத் தட்டலியே. நீங்க ஒரு மணி நேரத்துல கண்டுபுடிச்சுப்போட்டீங்களே!" என் தலையைப் பிடித்து ஆட்டினார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான மத்தியானம் அதற்கு முன்பு இருந்ததில்லை.

அந்த ஆண்டு பெட்டியில் கூட்டியது எங்கள் வகுப்பை மட்டும்தான்; மாலைக்குள் எல்லாத் தாள்களின் அலுவலக நகல்களையும் கையால் கூட்டிப் பார்த்துவிட்டோம். எட்டுப் பேருக்குப் பத்துக் குறைந்திருந்தது. எட்டுப் பெயரையும் நான்தான் ஒரு தாளில் எழுதி, சரியான மொத்தத்தைப் பக்கத்தில் குறித்துக் கொடுத்தேன். "ஆருகிட்டயும் சொல்ல வேண்டாமுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார் அப்பா.

திங்கட்கிழமை ஏழு பேரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுப் புதுத் தாள் கொடுத்தார்கள். நான் மரத்தடியில் காத்திருந்தேன். என் பெயர் வரவில்லை. அப்பாவின் மகள்தானே, வீட்டிலேயே தந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் அவர் எச்.எம். டீச்சரின் அறையில் இருந்தபோது, மேசையில் என் கையெழுத்தில் இருந்த பட்டியலைப் பார்த்தேன். ஏழு பெயருக்குப் பக்கத்தில் சரி போட்டிருந்தது. என் பெயர் சிவப்பு மையில், அடிக்கோல் வைத்து, நேர்க்கோடாக அடித்து நீக்கப்பட்டிருந்தது.

அன்று சாயங்காலம் அவர் சைக்கிளை மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தார். நான் பக்கத்தில் நடந்தேன்.

"ஏனுங்கப்பா, என்னோடது?"

அவர் சாலையில் முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, "ஏழு பேருக்குத் திருத்துனா மிஷின் தப்புன்னு சொல்லுவாங்க. எட்டாவதா உங்களுக்கும் திருத்துனா டைப்பிஸ்ட் தப்புன்னு சொல்லுவாங்க. அதுவும் அய்யா ஊட்டுப் புள்ளையத் தாண்டிப் போற மாதிரி."

"நெசமான மார்க்குதானுங்களே அது."

"நெசந்தான். அந்த நெசம் உங்களுக்கும் எனக்கும் தெரியுமுங்க. ஊருக்கு என்ன தெரியும்? எழுதறவன் புள்ளைக்கு ஏத்திப் போட்டுக்கிட்டான்னு ஒருத்தன் சொன்னாப் போதும். அப்பறம் நானும் எங்கப்பனாட்டம் அவங்க தோட்டத்துலதான் நிக்கோணும்."

"வாத்தியார் பரிட்சைப் பேப்பரை எடுத்துப் பாக்கட்டுமுங்க. நான் எச்.எம். டீச்சர்கிட்டச் சொல்றேன்."

அவர் நின்றார். கோபமில்லாமல், மிகவும் மெதுவாகத்தான் சொன்னார். "சொல்லுங்க அம்மணி. எல்லாத் தாளையும் சரிபாத்தாச்சு, தப்பு ஏழுதான்னு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். போய்ச் சொல்லுங்க."

நான் போகமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு இன்றுவரை ஆறாதது அந்த இடம்தான். பயந்தார் என்றால் எனக்குப் புரியும். அந்த ஊரில், அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் பயப்படுவதற்குக் காரணம் இருந்தது. ஆனால் பட்டியலை எழுத என் கையைப் பயன்படுத்திக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நான் வாய் திறந்தால் அவர் வேலை போகும்படி கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, அதன் பிறகு என்னைப் போய்ச் சொல்லச் சொன்னார். வீடு வரைக்கும் நான் கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

புதன்கிழமை கூட்டத்தில் கோகிலாவின் பெயரை வாசித்தார்கள். அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குக் கம்ப்யூட்டர்னாலே பயமா இருக்குது புள்ளே, நீயும் வந்தீன்னா நல்லாருக்கும்" என்றாள். மேடைக்குப் பக்கத்தில் அப்பா கைதட்டிக்கொண்டிருந்தார். நானும் தட்டினேன்.

ஒன்பதாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் அரசுப் பள்ளிக்குப் போனேன். கணினியை முதன்முதலாகத் தொட்டது பாலிடெக்னிக்கில். அதனால் வாழ்க்கை கெட்டுப்போய்விடவில்லை, வேலை கிடைத்தது, நன்றாகவே இருக்கிறேன். ஆனால் அப்பாவிடம் ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்கிற பழக்கம் அந்தத் திங்கட்கிழமையோடு நின்றுவிட்டது. அவர் அதைக் கவனித்தாரா என்று எனக்குத் தெரியாது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். என் தம்பியின் மகள், நான்காம் வகுப்புப் படிக்கிறவள், அலைபேசியில் கூட்டிப் பார்த்துவிட்டு "மிஷின் தப்புப் பண்ணாது" என்று தன் அம்மாவிடம் வாதாடிக்கொண்டிருந்தாள். அப்பா அவளை அருகே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"தப்புப் பண்ணுஞ் சாமி. எங்க பள்ளிக்கோடத்துல ஒரு கூட்டல் பொட்டி இருந்துச்சு. உங்க அத்தை பன்னெண்டு வயசுல அதும்பட தப்பைக் கண்டுபுடிச்சாங்க. எட்டுப் பேருக்கு மார்க்குக் கொறஞ்சுபோச்சு. எட்டுப் பேருக்கும் நானே உக்காந்து திருத்திக் குடுத்தேன்."

"அப்ப அத்தைதான் பஸ்ட்டுங்களா தாத்தா?"

"ஆமாஞ் சாமி. பஸ்ட்டேதான்."

என் முகத்தைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார். கண்ணில் ஒளிப்பதற்கான அசைவு எதுவும் இல்லை, பெருமைதான் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நடந்தது என்று நம்புகிறார் என்பது எனக்கு அப்போது புரிந்தது. குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது.

அந்த இயந்திரம் எடைக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. அந்தப் பள்ளி அலுவலகத்தில் இப்போது இரண்டு கணினிகள். தட்டச்சர் என்றொரு வேலையே அங்கே இல்லை. பள்ளியின் பதிவேட்டில் என் எட்டாம் வகுப்பு மொத்தம் 426 என்றே இருக்கிறது. எட்டுப் பேரில் ஏழு பேருக்குத்தான் திருத்தப்பட்டது என்பது தெரிந்த ஒரே ஆள் இப்போது நான். அப்பாவும் நானும் வாரத்துக்கு இரண்டு முறை தொலைபேசியில் பேசிக்கொள்கிறோம். நான் அவரை மன்னிக்கவில்லை.