எந்த வளைவில்

பணி அனுமதிக் குழுவுக்கு நான் செயலாளராக இருந்த காலத்தில், தீவின் தலைநகரான போர்ட் லூயி அலுவலகத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பின்னலாடை ஆலைகளுக்கு மெக்கானிக்குகள்; மீதிப் பேர் ஹோட்டல்களுக்குச் சமையல்காரர்கள். படிவத்தில் 'உற்பத்தி' என்று ஒரு கட்டம் உண்டு. ஸ்வெட்டர் என்று எழுதினால் குழுவுக்கு உடனே புரியும்.

சென்னையிலிருந்து வந்து, மோகா பக்கத்தில் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த ஒரு பெண்மணி அந்தக் கட்டத்தில், 'பல்சரில் காமா கதிர் எப்படிப் பிறக்கிறது என்ற விளக்கம்' என்று எழுதியிருந்தார். அவருடைய அனுமதி அந்த மாதத்தோடு முடியவிருந்தது. புதுப்பிக்காவிட்டால் ஆராய்ச்சியைப் பாதியில் விட்டு விமானம் ஏறவேண்டும்.

கிரியோலும் ஆங்கிலமுமாக நடந்த பேச்சைத் தமிழில் எழுதுகிறேன்.

"இது என்ன சரக்கு, மதாம்?" என்றார் குழுத் தலைவர்.

"செத்துச் சுருங்கின நட்சத்திரம், சார். இங்கேருந்து கிராண்ட் பே வரைக்கும்தான், இருபது கிலோமீட்டர்தான் அகலம். பயங்கரமான காந்தம், வினாடிக்குப் பல தடவை சுத்தும். அந்தச் சுழற்சியில மின்சாரம் உண்டாகி எலக்ட்ரான்களை ஒளி வேகத்துக்குப் பக்கத்துல விரட்டும். அதுங்க வளைஞ்ச காந்தக் கோடுகளை விட்டு விலக முடியாது. ட்ரியோலே ரோட்டு வளைவுல கரும்பு லாரி வேகமாத் திரும்பினா என்ன ஆகும்?"

"கரும்பு கொட்டும். என் கார் மேலயே கொட்டியிருக்கு!"

"எலக்ட்ரான் திரும்பும்போது கொட்டுறதுதான் காமா கதிர்."

தலைவர் முன்னால் சாய்ந்தார். ஸ்வெட்டருக்கு அவர் சாய்ந்து நான் பார்த்ததில்லை.

"எந்த வளைவுல?"

"நட்சத்திரத்துக்குப் பக்கத்துலயா, ரொம்பத் தள்ளியா... அது தெரியலை, சார்."

"பா கொனே? தெரியலைன்னு சொல்லிட்டு அனுமதி கேக்குறீங்களா?"

"உலகத்துல இன்னும் யாருக்கும் தெரியலை. அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

எல்லாம் தெரியும் என்று அடித்துச் சொன்னவர்களையே அந்த நாற்காலியில் பார்த்துப் பழகியிருந்தேன். வாய்தவறிக்கூட ஒரு பொய் சொல்லாத அந்தப் பெண்மணிக்காக விதிப் புத்தகத்தைப் பிரித்தேன். எடுத்த வேலை முடியாமலிருந்தால், அதைச் செய்ய உள்ளூரில் ஆளும் இல்லையென்றால், புதுப்பிக்கலாம்.

"தெரியும்னு சொல்லியிருந்தா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம், மெஸ்யே. திருப்பி அனுப்பியிருக்கலாம்" என்றேன்.

"உன் புத்தகத்தைக் கடல்லதான் போடணும்" என்று சிரித்துக்கொண்டே தலைவர் கையெழுத்திட்டார். பிறகு அந்தப் பெண்மணியிடம், "எந்த வளைவுன்னு தெரிஞ்சதும் எனக்குச் சொல்லணும், மதாம்" என்றார்.

தெரிந்த அன்று புதுப்பிப்பதற்குக் காரணம் இருக்காது என்பதை நான் நினைவூட்டவில்லை.