பலூன்காரி மறித்த கதவு

குழந்தையைக் காப்பாற்ற வந்த மருந்துக்காற்றை ஒருத்தி வாசலிலேயே மறித்தாள் என்றால், அவளை என்ன சொல்லித் திட்டுவீர்கள்?

கடைத்தெருவுக்கு அவள் பலூன்காரி. பிறந்தநாள் வீடுகளுக்கும் கடைத் திறப்புகளுக்கும் ஹீலியம் அடைத்துக் கொடுப்பாள். "வாய்க்கு வரி போட்டா நான் எப்பவோ திவால்" என்று தானே சொல்லிச் சிரிப்பவள். அன்று ஆஸ்பத்திரி வாசலில் அந்த வாய் உலர்ந்து கிடந்தது.

தம்பிக்குப் பிறந்த குழந்தை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் ஒரு கையளவு உடம்பு. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளின் நடுவே தோல் குழிந்தது. வென்டிலேட்டர் வைத்தும் போதவில்லை. எச்சரிக்கை மணி கத்திக்கொண்டே இருந்தது. குழந்தையின் தாய் ஆபரேஷன் மயக்கத்தில் இருந்தாள்.

இளம் டாக்டர் கதவிடுக்கில் தலையை நீட்டினார். "ஹீலியம் குடுக்கப் போறோம். சரிதானே?"

தம்பி சுவரோடு சுவராகிப் போயிருந்தான். "அக்கா, நீயே சொல்லுக்கா."

கீச்சுக்குரலில் பேசிக் காட்டுகிறேன் என்று சிலிண்டர் குழாயை வாயில் வைத்த கடையாள் வெட்டிய மரம்போலச் சாய்ந்ததைக் கண்ணால் கண்டவள் அவள்.

"வேண்டாம் சார்! அது ஆளைச் சாய்க்கிற காத்து. பலூனுக்கு அடிக்கிறதைப் பிள்ளைக்கு அடிப்பீங்களா?"

"நேரமில்லம்மா. சொன்னா உங்களுக்குப் புரியாது."

மூடப்போன கதவில் காலை வைத்தாள். எடுத்தாலும் பிள்ளை போய்விடுமோ, எடுக்காவிட்டாலும் போய்விடுமோ!

"புரியிற மாதிரி சொல்லுங்க சார். அப்புறம் எடுக்கிறேன்."

டாக்டர் அவள் முகத்தை அப்போதுதான் பார்த்தார். "உங்க சிலிண்டர்ல ஹீலியம் மட்டும்தான். இதுல ஆக்சிஜனும் கலந்திருக்கு. குழந்தைக்கு மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கு, சாதாரணக் காத்து முட்டிக்குது. இது லேசு, சுலபமா உள்ள போகும். ஆக்சிஜன் குறையுதான்னு மீட்டரைப் பாத்துக்கிட்டே இருப்போம்."

"பொழச்சிருமா?"

"சத்தியம் பண்ண முடியாதும்மா. இது நோயைக் குணமாக்காது. மருந்து வேலை செய்யறவரைக்கும் தாங்கும்."

காலை எடுத்தாள். "போடுங்க, சீக்கிரம்!"

பிறகு கண்ணாடியில் நெற்றி பதித்து நின்றாள். குழிவு குறைகிறதா, பயம் அப்படிக் காட்டுகிறதா?

"அக்கா, என்னக்கா ஆச்சு?"

"வாயை மூடுடா. மூச்சை எண்ணிக்கிட்டிருக்கேன்."

மணி நின்றது. இருவருக்கும் நெஞ்சு நின்றதுபோல் இருந்தது. விலாவின் குழிவு மெல்ல மெல்ல ஆழம் குறைந்ததைப் பார்த்த பிறகுதான் அவள் தரையில் உட்கார்ந்தாள்.

குழந்தை பிழைத்தது. கதவடியில் வீணான நேரத்துக்கு அவளுடைய அறியாமைதான் காரணம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். பச்சைப் பொய்! அவள் அறிந்தது உண்மை. மீதி உண்மையைச் சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. சொல்வதற்கு ஆன நேரம், திட்டுவதற்கு ஆகும் நேரம்தான். எளியவர்களிடம் சம்மதம் மட்டும் வேண்டும், விளக்கம் கூடாது என்பது என்ன நியாயம்?

உங்களிடம் அப்படிச் சம்மதம் கேட்டால் "என்ன, எதற்கு" என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள். நீங்கள் மருத்துவர் என்றால், அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.