பக்கீர் முகமதுவின் பாங்கு

மதுரை தெற்குமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கிறார் பக்கீர் முகமது. தொழுகை நேரம் வந்தால் கடையை அப்படியே போட்டுவிட்டு அடுத்த தெருப் பள்ளிவாசலுக்கு ஓடுவார். தன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்வது அவர்தான். எதிர்த்த டீக்கடை தவசிக்குக்கூட அந்தக் குரல் என்றால் பிடிக்கும்.

போன மழைக்காலத்தில் தொண்டை கட்டியது. சளி என்று நினைத்து மிளகுக் கசாயம் குடித்தார். விடவில்லை. ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், குரல்வளையில் கட்டி இருக்கிறது, எடுத்துப் பரிசோதித்தால்தான் என்ன கட்டி என்று தெரியும் என்றார். அந்தப் பொல்லாத நோயின் பேரை அவர் சொல்லவில்லை. ஆனாலும் பக்கீர் முகமதுவுக்கும் மனைவி லத்தீபாவுக்கும் அது காதில் விழுந்துவிட்டது.

ஆபரேஷன் முடிந்தது. ரிசல்ட்டை மகன் ஆசிப் போய் வாங்கி வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல், "அத்தா, புத்துநோய் இல்லையாம். சாதாரணக் கட்டிதானாம்" என்றான். லத்தீபா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். 'அல்ஹம்துலில்லாஹ்' என்று இறைவனைப் புகழப் பக்கீர் முகமது வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

உயிர் தப்பியது, குரல் வரவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் சாடையில் பேசினார். பாங்குக்கு வேறொருவரை ஏற்பாடு செய்தார்கள். ஒலிபெருக்கியில் அந்தக் குரல் வரும்போது கையில் இருக்கும் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, உதட்டை மட்டும் அசைத்துக் கூடவே சொல்வார். 'யா அல்லாஹ், குரலைத் திருப்பித் தா. முதல்ல உன் பேரைத்தான் சொல்வேன்' என்று ஒவ்வொரு தொழுகையிலும் மனசுக்குள் கேட்டார்.

பங்குனி வெயிலில் ஒருநாள் டீக்கடையில் போய் நின்றார்.

"என்ன பாய், டீயா பாலா?" என்றார் தவசி.

"டீ. சீனி கம்மியா."

தவசியின் கை பாதியில் நின்றது. "அண்ணே, இப்பப் பேசுனது நீங்களா?"

பக்கீர் முகமது தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். வாக்குத் தவறிவிட்டதே என்று ஒரு கணம் பதறினார். பிறகு சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கரகரப்புதான், ஆனாலும் காதில் விழுந்தது. மறுபடியும் சொன்னார்.

பழைய இனிமை மட்டும் திரும்பவில்லை. பாங்கு சொல்லலாம் என்று டாக்டர் அனுமதித்த பிறகும் அவர் தயங்கினார். "இந்தக் குரல்ல சொன்னா நல்லாவா இருக்கும்?"

"அல்லாஹ் குடுத்த குரலு. அவன் வீட்டுக்கு ஆளுகளைக் கூப்பிடத்தான கேட்டு வாங்குனீங்க? போங்க" என்றாள் லத்தீபா.

அன்று பிற்பகல் அசர் தொழுகைக்கு அவரே மைக் முன்னால் நின்றார். நடுவில் குரல் உடைந்தது. நிறுத்தி, மூச்சு வாங்கி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். லத்தீபா மாவுக் கையோடு வாசலுக்கு வந்து நின்று கேட்டாள்.

தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகும் அவர் நெற்றியைத் தரையில் வைத்தபடியே இருந்தார். வழக்கமாகக் கேட்பதற்கு ஏதாவது இருக்கும். இன்று எதுவும் தோன்றவில்லை. எல்லாப் புகழும் உனக்கே என்று, தன் காதுக்கே கேட்கும்படி, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆசிப் உள்ளே எட்டிப் பார்த்தான். "அத்தா, கடையில ஆளு நிக்குது."

"நிக்கட்டும்ப்பா, வாரேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்தார்.