மோட்டார் புகையாது

என் தங்கையின் கணவர் எல்லாவற்றையும் மோட்டார் என்றுதான் சொல்வார். போர்வெல்லுக்குள் இருப்பதும் மோட்டார், டீசல் ஊற்றி ஓட்டுவதும் மோட்டார், டிராக்டரின் முன்பக்கம் மூடியைத் திறந்தால் தெரிவதும் மோட்டார். ரெட்டியார்சத்திரம் பக்கம் அவர்களுக்கு மூன்று ஏக்கர் தோட்டம். மல்லிகை, கொஞ்சம் கத்தரி, வரப்போரம் முருங்கை. அங்கே பாதிப் பேர் அப்படித்தான் பேசுவார்கள். அதனால் யாருக்கும் எந்தக் குழப்பமும் வந்ததில்லை.

குழப்பம் எனக்குத்தான். நான் திண்டுக்கல்லில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் கரும்பலகையில் இரண்டு கட்டம் போடுவேன். மின்சாரத்தை வாங்கிச் சுழல்வது மோட்டார். எரிபொருளைத் தனக்குள்ளே எரித்துச் சுழல்வது இன்ஜின். எரிப்பதால் புகை வரும், அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், அதற்கு நிறமில்லை, மணமில்லை என்று அதே மூச்சில் சொல்லி முடிப்பேன். பதினேழு வருடமாகச் சொல்லி வாய் பழகிவிட்டது.

தங்கைக்குக் கல்யாணமான புதிதில் ஒருமுறை பந்தியில் உட்கார்ந்திருந்தபோது மாப்பிள்ளை "டிராக்டர் மோட்டாரு மக்கர் பண்ணுது" என்றார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "மாப்ள, டிராக்டர்ல இருக்கிறது இன்ஜின். மோட்டார் வேற" என்று பாடத்தை ஆரம்பித்தேன். இலையில் விரலால் கட்டமே போட்டேன். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, "அப்ப மோட்டார் சைக்கிள்ல இருக்கிறது என்னா மச்சான்? இஞ்சின்தான? பெறகு ஏன் மோட்டார் சைக்கிள்னு சொல்றாக?" என்று கேட்டார். நல்ல கேள்வி. "அது பேர் அப்படி வந்துருச்சு" என்று மழுப்பினேன். அவருக்கு ஒரு கேள்வி கேட்கத் தெரியும் என்பது எனக்கு அன்று பிடிக்கவில்லை. அதன்பிறகு அவர் மோட்டார் என்று சொல்லும் போதெல்லாம் திருத்தினேன். அது எங்கள் வீட்டு வேடிக்கையாகவே ஆகிவிட்டது.

போன கோடைக்கு முந்தின கோடையில் அவர்களுடைய போர்வெல் மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்துபோனது. சுற்றிக் கொடுக்க ஒரு வாரம் ஆகும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். மல்லிகை ஒரு வாரம் தாங்காது. பழைய கிணற்றில் அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. மேலே வைத்தால் அந்த ஆழத்துத் தண்ணீரை உறிஞ்சாது என்று, தெரிந்தவரிடம் ஒரு டீசல் இன்ஜினை வாங்கிவந்து, கயிறு கட்டி, கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் இருந்த பாறைத் திட்டில் இறக்கி வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து, மாதா கோவிலுக்கு எதிரே டீக்கடையில் நானும் என்னோடு வேலை பார்க்கும் நாலு பேரும் நின்றுகொண்டிருந்தோம். போன் அடித்தது. மாப்பிள்ளை.

"மச்சான், மோட்டாரு ரொம்பப் பொகையா கக்குது. உள்ள பூரா மண்டிப்போய் நிக்கிது..."

நான் அவரை முடிக்க விடவில்லை. நண்பர்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு ஸ்பீக்கரைப் போட்டேன்.

"மாப்ள, மோட்டார் எங்கயாவது புகையுமா? மோட்டார் புகைஞ்சா அது செத்துப்போச்சுன்னு அர்த்தம். புகையிறது எது? சொல்லுங்க பாப்போம்."

"இஞ்சின் மச்சான்" என்றார்.

"ஆங். இன்ஜின்னா புகையத்தான் செய்யும். பின்ன சாம்பிராணியா போடும்?"

நாலு பேரும் சிரித்தார்கள். ஒருவர் டீ சிந்தும் அளவுக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்குக் கேட்டிருக்கும்.

"சரி மச்சான். வைக்கிறேன்."

அவ்வளவுதான். போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு இன்னொரு டீ சொன்னேன்.

'உள்ள' என்று அவர் சொன்னதை நான் கேட்கவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கேட்டேன். தெளிவாகக் கேட்டது. எதற்குள்ளே என்று கேட்க ஒரு நொடி ஆகியிருக்கும். அந்த நொடியில் எனக்கு நண்பர்களைச் சிரிக்க வைக்க வேண்டியிருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்துத் தங்கை கூப்பிட்டாள். அவள் குரலே அடையாளம் தெரியவில்லை. "அண்ணே, அவரு கெணத்துக்குள்ள விழுந்துட்டாருண்ணே. ஆம்புலன்ஸ்ல வாரோம்."

இன்ஜினை நிறுத்துவதற்காகப் படியில் இறங்கியிருக்கிறார். திட்டில் கால் வைத்ததும் சரிந்துவிட்டார். நல்லவேளையாகத் தண்ணீருக்குள் விழாமல் இன்ஜின் பக்கமாகவே விழுந்தார். தங்கை போட்ட கூச்சலில் பக்கத்துத் தோட்டக்காரர் ஓடிவந்தார். உடனே இறங்கப் பாய்ந்த தங்கையை அவர்தான் பிடித்து நிறுத்தினார். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, "நான் கையாட்டலைன்னா என்னைய மொதல்ல தூக்கிருங்க" என்று மேலே நின்றவர்களிடம் சொல்லிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். முதல் தடவை பாதியிலேயே தலைசுற்றி மேலே வந்துவிட்டார். இரண்டாவது தடவை மாப்பிள்ளையின் அக்குளில் கயிற்றை மாட்டிவிட்டார். பாலிடெக்னிக் பக்கமே போகாத மனிதர் அவர்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் பெண்மணி. என்ன நடந்தது என்று விசாரித்துவிட்டு, "நீங்க அவருக்கு என்ன வேணும்? என்ன வேலை பாக்குறீங்க?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அப்ப மூடின இடத்துல டீசல் இன்ஜின் ஓட்டக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமே. வீட்ல சொல்லி வைக்கலையா?"

"அவங்க கேக்கல மேடம்" என்றேன்.

அந்தப் பொய் என் வாயிலிருந்து அவ்வளவு எளிதாக வந்தது. வராந்தாவுக்கு வந்தபோது தங்கை அவருடைய போனையும் செருப்பையும் என்னிடம் கொடுத்து, "வச்சுக்கங்கண்ணே" என்றாள். நான் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு போனைத் திறந்தேன். கடைசியாகப் பேசிய எண் என்னுடையது. 'மச்சான் டவுன்' என்று பதிந்து வைத்திருந்தார். அந்த அழைப்பின் பதிவை அழித்தேன்.

மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டார். ஆனால் பழைய ஆளாகத் திரும்பவில்லை. வலது கை நடுங்குகிறது. மடையைத் திருப்பிவிடப் போனால் திருப்பிவிட்டு அடைக்க மறந்து வந்துவிடுகிறார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதற்கு முந்தின சில நாட்களும் அவருக்குச் சுத்தமாக நினைவில் இல்லை. இன்ஜினை இறக்கியதே அவருக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். "கோட்டிக்காரத்தனம் பண்ணிட்டேன்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தைத் தங்கைதான் பார்க்கிறாள். நான் ஞாயிறு தவறாமல் போனேன். மருந்து வாங்கிக் கொடுத்தேன், உர மூட்டை இறக்கினேன். ஊரில், தங்கச்சிக்காக இம்புட்டுப் பாடுபடுகிற அண்ணன் என்று பேர் வந்தது. அதைக் கேட்கக் கேட்க உடம்பு கூசியது. ஒரு வருடத்துக்கு மேல் தாங்கினேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவர் மன்னிப்புக் கொடுத்துவிட்டு, "போய் அவங்ககிட்டயும் சொல்லுங்க" என்றார். அதன்பிறகும் நாலு மாதம் போனது.

ஒரு காலையில் தங்கை மல்லிகை பறித்துக்கொண்டிருந்தபோது, வரப்பில் நின்று சொன்னேன். போன் வந்ததையும் சிரித்ததையும் அழித்ததையும். அவள் கை நிற்கவில்லை. மொட்டுகள் மடியில் விழுந்துகொண்டே இருந்தன.

"தெரியும்ணே" என்றாள்.

நான் வரப்பைவிட்டு இறங்கி அவள் பக்கத்தில் போனேன்.

"ஒங்களத்தான் கூப்பிடப் போறேன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் போனாரு. திரும்பி வந்தப்ப, 'மச்சான் என்னா சொன்னாரு'ன்னு கேட்டேன். 'ஒண்ணுமில்ல, பொகையத்தான் செய்யுமாம்'னுட்டு எறங்கிட்டாரு." கொஞ்ச நேரம் பறித்தாள். "மொகம் நல்லா இல்ல. ஏன்னு இப்பத்தான் தெரியிது."

"இத்தனை நாளா ஏம்மா கேக்கல?"

"நீங்களா சொல்லுவீகன்னு பாத்தேன். சொல்லலைன்னதும், அதுக்கு மேல என்னான்னு கேக்க?" என்றாள். பிறகு, "அவர்கிட்டயும் நீங்களே சொல்லிருங்க. நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

மாப்பிள்ளை வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சாம்பிராணியையும் விடவில்லை. யாரோ ஒருவருக்கு நடந்ததைக் கேட்பதுபோலத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"நானா கூப்பிட்டேன்? எனக்கு ஒண்ணும் ஞாவகம் இல்லையே மச்சான்."

"நீங்கதான் கூப்பிட்டீங்க."

"கூட எத்தன பேரு இருந்தாக?"

"நாலு பேர்."

"அம்புட்டுப் பேரும் சிரிச்சாகளா?"

"ஆமா மாப்ள."

அவர் நடுங்கும் கையை மறு கையால் பிடித்துக்கொண்டார். என்னை அடித்திருக்கலாம். போய்விடு என்றாவது சொல்லியிருக்கலாம். எழுந்து ஆட்டுக்குட்டிக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார். மத்தியானம் எனக்கும் சேர்த்துத்தான் சோறு போட்டார்கள். சாப்பிட்டேன். மறுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். "வாங்க மச்சான், சாப்டீகளா?" என்று மறக்காமல் கேட்கிறார். மற்றபடி என்னிடம் எதுவும் கேட்பதில்லை. போன மாதம் போர்வெல் மறுபடியும் மக்கர் பண்ணியிருக்கிறது. பக்கத்துத் தோட்டக்காரரைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறார். நான் போன அன்று இருவரும் குழாயைக் கழற்றிப் போட்டுக் குனிந்திருந்தார்கள். கொஞ்ச தூரத்திலிருந்தே எனக்குக் கோளாறு என்னவென்று தெரிந்தது. அவர்களாகக் கூப்பிடும்வரை நிற்கலாம் என்று வெயிலில் நின்றேன். அவர்கள் கூப்பிடவில்லை. அரை மணி நேரத்தில் அவர்களே கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார்கள்.