கோங் டெஷானின் கிளிக்கால்

"வரைஞ்சு முடிச்ச படத்துல ரெண்டாவது தடவை நான் தூரிகை வெச்சதே இல்ல. சாகற வரைக்கும் வெக்கவும் மாட்டேன்."

கோங் டெஷான் இதைப் பிரகடனம் செய்தது தம் அறுபதாவது பிறந்தநாளன்று, சீனாவின் சுஜோ நகரத்துக் கால்வாய்க்கரைத் தேநீர்க் கடையில். பிறந்தநாள் நூடுல்ஸைக் கடித்து அறுத்தால் ஆயுள் குறையும் என்பதால் அது பாதி வாயிலும் பாதி கிண்ணத்திலுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் நாடே கேட்டது என்று சொல்லலாம். கடையில் ஒன்பது பேர் இருந்தோம்.

அது வெறும் பீற்றல் அல்ல என்பதையும் பதிவு செய்வது நம் கடமை. பதினான்கு வயதில் தூரிகை பிடித்தவர். முப்பது வருடம் பட்டு எம்பிராய்டரி ஆலையில் பூ மாதிரிகள் வரைந்து கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஓய்வெடுக்கும் பொருட்டு மறுபடியும் பூ வரைவார். பூவும் பறவையும் தவிர வேறெதையும் தொட்டதில்லை. மலை வரையச் சொன்னால், "எதுக்கு, கிளை கூட இல்லாத எடத்துல குருவி எங்க உக்காரும்?" என்பார். கல்யாணத்தன்று பாதி வரைந்த செவ்வந்தியின் மை காய்ந்துவிடும் என்று மணப்பெண்ணை ஒரு மணி நேரம் காக்க வைத்தார்.

"பூவுக்கு ஒரு மணி நேரம் குடுத்தாரு, எனக்கு முப்பத்தெட்டு வருஷம் குடுத்திருக்காரு. போகட்டும்," என்பார் அவர் மனைவி யுன்ஜென்.

அவர் வரையும் காகிதம் மையைப் பட்ட மாத்திரத்தில் குடித்துவிடும். கை தயங்கினால் தயக்கமும் சேர்ந்தே பதியும். அதன்மேல் திருத்துகிறவரை அந்த வட்டாரத்து ஓவியர்கள், பிறர் வீட்டுக் கோழியைத் திருடியவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

இந்த மகத்தான வாழ்வில் ஒரே ஒரு சங்கடம்: இறகு பக்கத்தில் வந்தால் கோங்குக்குத் தும்மல் வரும். ஒன்றிரண்டு அல்ல, பதினைந்து. ஆகவே உலகத்துப் பறவைகளையெல்லாம் தம் குருவின் மாதிரித் தாள்களிலிருந்தே கற்றுக்கொண்டார். சிட்டுக்குருவி முதல் பருந்துவரை அந்தத் தாள்களில் ஒரே கால்தான்: முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று.

இருபத்தாறு வருடத்துக்கு முன் ஒரு காலையில் அவர் வரைந்த பியோனிப் பூ, கடைக்காரி லூ அக்காவின் கல்லாவுக்கு மேல் தொங்குகிறது. பக்கத்துக் கிளையில் ஒற்றைக் காலில் ஒரு கிளி. முதியோர் திருநாள் கண்காட்சிக்கு நடுச்சுவர்ப் படமாக அதையே எடுத்துக்கொள்வதாக வட்டாரக் கலாச்சார மன்றம் கடிதம் அனுப்பியது. கோங் அந்த வாரம் இரண்டு முறை முடிவெட்டிக்கொண்டார்.

அப்போதுதான் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் பெங், தினமும் தூக்கி வரும் கிளிக்கூண்டைத் தூரத்து ஜன்னலில் மாட்டிவிட்டு, படத்தையும் கூண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாத்தியாரே, உங்க கிளிக்கு முன்னால மூணு விரல் இருக்கு. என் கிளிக்கு முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு."

"உன் கிளிக்கு ஏதோ கோளாறு. வைத்தியருகிட்ட காட்டு."

"எல்லாக் கிளிக்கும் அப்படித்தான் வாத்தியாரே."

"காலமெல்லாம் பஸ் ஓட்டுனவன் எனக்குக் கால் சொல்லித் தர்றான்."

"பஸ்ஸுக்கும் முன்னால ரெண்டு, பின்னால ரெண்டுதானே. அதான் சட்டுனு கண்ணுல பட்டுது."

கோங் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். பதினொரு நாள் வரவில்லை. நடுச்சுவரில், ஊரே பார்க்க, அந்தக் கால்.

பன்னிரண்டாம் நாள் யுன்ஜென் தேயிலை வாங்க வந்தார்.

"புதுசா வரைஞ்சு குடுத்துடலாம்னு உக்காந்திருக்காரு. பத்தொம்பது தாள் போச்சு. கிளி நல்லாத்தான் வருது. பூ வரமாட்டேங்குது. அன்னிக்கி வந்த பூ அன்னிக்கோட சரியாம்."

"அப்ப கண்காட்சியே வேண்டாம்னு சொல்லிட வேண்டியதுதானே?" என்றார் லூ அக்கா.

"நானும் அதத்தான் சொன்னேன். 'கால் தப்புதான், பூ என்னடி தப்பு பண்ணுச்சு'ன்னு கேக்கறாரு."

மன்றத்து வண்டி வரவேண்டிய நாள், கடை திறந்ததும் கோங் வந்தார். கையில் மை அரைக்கும் கல், ஒரு மெல்லிய தூரிகை. யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேரே பெங்கின் மேசைக்குப் போனார்.

"கூண்டைக் கொஞ்சம் கிட்ட கொண்டா."

"தும்முவீங்களே."

"அது என் மூக்கு. நீ கொண்டா."

பெங் கூண்டைக் கல்லாவின்மேல் வைத்தார். கோங் மூக்கை இடக்கையால் பிடித்துக்கொண்டு, வாழ்வில் முதல்முறையாக ஒரு கிளியின் காலை அருகிலிருந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். கிளியும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஒத்துழைத்தது.

"கழுத கண்காட்சி," என்று முணுமுணுத்தபடி முக்காலியில் ஏறினார். லூ அக்கா முக்காலியைப் பிடித்துக்கொண்டார். பெங் திடீரென்று கால்வாயில் போன படகை மிகுந்த அக்கறையோடு பார்க்கத் தொடங்கினார். கடையில் எல்லோருக்குமே அந்தப் படகு சுவாரசியமாகிவிட்டது.

முன்னால் அதிகமாக நின்ற விரலின்மேல் சின்னதாக ஒரு பியோனி இலை விழுந்தது. பின்னால், ஒரே இழுப்பில், ஒரு விரல் கிளையைப் பற்றிக்கொண்டது. தூரிகையை முழுதாக எடுத்து, முனையைத் துடைத்து, முக்காலியிலிருந்து இறங்கிய பிறகுதான் கோங் தும்மினார்.