தொடாமல் விட்ட கணுக்கால்

செங்கல்பட்டில் உடற்கூறு ஆசிரியராக இருந்தேன். காலின் இரண்டு எலும்புகளும் கிடுக்கிபோல் பாதத்தின் மேலெலும்பைப் பிடித்திருப்பதே கணுக்கால் என்று, பிணங்களின் பாதங்களை ஏந்திப் பாடம் சொன்னவன்.

மாணவர்களோடு மாமல்லபுரம் போன அன்று, பாறையில் வழுக்கி என் மனைவியின் கால் மடங்கியது.

“கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன்” என்றாள்.

மாணவர்கள் எதிரில் மனைவியின் காலைப் பிடிப்பதா என்று கூசினேன்.

“சார், தூக்கிக்கினு போலாமா?” என்றான் ஒருவன்.

“வெறும் சுளுக்கு. நடப்பாள்” என்றேன்.

பேருந்து வரை நடந்தாள். விரலால் அழுத்தியிருந்தாலே கணுக்காலின் வெளிப்பக்க எலும்பு முறிந்ததை அறிந்திருப்பேன். நடந்ததில் மூட்டே விலகி, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் கால் கோணிவிட்டது.

அன்று கூசிய அதே கைகளால் இன்று எண்ணெய் தேய்க்கப் போனால், “விடுங்க, நானே தேய்ச்சுக்கறேன்” என்று காலை இழுத்துக்கொள்கிறாள்.